சாலையோரக் கடைக்காரர்களும் நமது கடமையும்



2011இல் லாட்டார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதால் ஈஜோக் வட்டாரத்தார் பயனடைந்தோம். சாலை விரிவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சாலையோரத்தில் பூக்கடை, மளிகைக்கடை நடத்துவோரின் பிழைப்பு என்னாகும்? அன்னதானத்திற்கு அரிசி தருவோர் அவர்களும்தானே!

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்தின் விலையோடு வருமான இழப்பையும், கடையை இடம் மாற்றும் நியாயமான செலவையும் கணக்கில் கொள்கிறது. ஆயினும், உரிமையாளர் விரும்பும்வரை மட்டுமே இருக்கக்கூடிய வாடகைக்காரரை இழப்பீட்டுக்கு உரியவராக அது ஏற்பதில்லை. பல்லாண்டு நாணயமாக வாடகை கட்டியவரும், எழுத்து இல்லையேல், வெறுங்கையோடு நிற்க நேரலாம்.

ஆகவே, வியாபாரிகளே, ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். ரசீது, உரிமம், கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நில நிர்வாகியின் விசாரணைக்குத் தவறாமல் செல்லுங்கள்.

கடைகளை வாடகைக்கு விட்டிருக்கும் நன்கொடையாளப் பெருமக்களே, ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதும் தர்மமே.