பிரெஞ்சு நாட்டின் ஊர்ப்பாதைகள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வழக்கமாக இம்மேடையில் நாம் பேசுவது கிணறு, சாலை, பள்ளிக் கட்டடம், கணக்குத் தணிக்கை ஆகியவை பற்றியே. இன்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, நாம் நடந்து பார்த்துவந்த ஒரு நாட்டுப்புறத்தைப் பற்றிக் கூற விரும்புகிறோம். சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சொந்த விடுமுறையில், சொந்தச் செலவில், நண்பர் இருவருடன் பிரெஞ்சு நாட்டில் 12 நாட்கள் ஊர் ஊராகக் கால்நடையாகச் சென்றோம். செலவைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தணிக்கையாளர் எவரேனும் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும். நண்பருள் ஒருவர் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி கற்றவராதலின், வழியில் கண்டவரோடு பேசுவது எளிதாயிற்று.

அந்நாட்டில் நமது கிராமப் பஞ்சாயத்துக்கு நிகரானது 'கொம்யூன்'. புதுச்சேரிப் பகுதியில் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயர் இன்றும் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். அச்சொல் அங்கிருந்து வந்ததே. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட வசிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் உண்டு. வயலுக்கு வண்டி போகவும், மாடு ஓட்டவும், அடுத்த ஊர்ச் சந்தைக்குச் செல்லவும் முற்காலத்தில் ஏற்பட்ட மண்பாதைகள் பல அக்கொம்யூனின் சொத்தாக இருக்கின்றன. நாம் நடந்ததில் பெரும்பகுதி இத்தகைய ஊர்ப்பாதைகளின் வழியாகவே.

முதலில் பாரிசுக்குத் தென்கிழக்கேயுள்ள ஃபோந்தேன்புளோ காட்டிற்குச் சென்றோம். ஓக் மரங்களும் பெரும் பாறைகளும் நிறைந்த காடு அது. நெப்போலியன் படையில் பணியாற்றிய தெனெகூர் என்பவர், 1842 முதல் தம் முயற்சியால் இக்காட்டில் நடைபாதைகள் அமைத்து, வழி தவறாதிருக்கப் பாறைகளிலும் மரங்களிலும் வண்ணக் குறியிட்டார். இக்காட்டை வரைந்து வாழ்ந்த ஓவியர்கள் முதிய மரங்களை வெட்டலாகாது என்று வாதாடினர். அதன் பயனாக 1861-இல் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பு அரசாணையால் காக்கப்பட்டது. ஓவியர்களின் சொல்லைச் சர்க்கார் கேட்டது என்பது எமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

அங்கிருந்து லுவார் ஆற்றங்கரையிலுள்ள ஓர்லியான் நகருக்குச் சென்று, கரையோரமாக நடந்தோம். போர் முடிந்தபின், 1947-இல், ழான் லுவாசோ என்பவர் தொடங்கிய குழு, நெடும்பாதைகளுக்குக் குறியிடும் பணியை இவ்விடத்தில்தான் ஆரம்பித்தது. மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு, அவ்வளவே குறி. மரத்திலோ, வேலிக் கம்பத்திலோ, வீட்டுச் சுவரின் மூலையிலோ அது இருக்கும். அவ்விரு வண்ணங்களையும் பெருக்கல் குறியாக இட்டிருந்தால் தவறான வழி என்று பொருள். இன்று நாடெங்கும் குறியிட்ட பாதைகளின் நீளம் 1,80,000 கிலோமீட்டருக்கு மேல். வண்ணம் பூசுவோர் கூலியாட்கள் அல்லர், ஆயிரக்கணக்கான தொண்டர்கள்.

லுவார் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பெரிய ஆறு. செப்டம்பரில் நீர் குறைந்து மணல் திட்டுக்கள் வெளிப்பட்டிருந்தன. வெள்ளத்தைத் தடுக்கப் பல நூற்றாண்டுகளாக எழுப்பிய கரைகளின்மேல் நடந்தோம். இங்கு உழவர்கள் அறியத்தக்க விதி ஒன்றுண்டு. அரசுக்குரிய ஆறு அல்லது ஏரியின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர், நீரோரமாக 3.25 மீட்டர் அகலத்திற்கு வழி விட்டே ஆக வேண்டும். அதில் வேலியும் கூடாது, மரமும் நடக்கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வழியில் நடந்து செல்வோர்க்கும் உரிமை கிடைத்தது. நிலம் அவருடையது, நடை ஊராருடையது.

அடுத்து நாம் கண்ட பிரேன் என்னும் ஏரிநாட்டை உழவர்கள் கண்டால் மகிழ்வார்கள். மண் களிமண், மழைநீர் இறங்காது, பயிருக்கு உதவாத பூமி. இடைக்காலத்திலேயே துறவிகளும் நிலப்பிரபுக்களும் பள்ளங்களுக்குக் குறுக்கே கரை கட்டி ஏரிகளாக்கினர். இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ஆனால் பாசனத்திற்கு அன்று. கெண்டை இன மீன் வளர்ப்பதற்கு. இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் வரையில், மதகைத் திறந்து நீரை வடியவிட்டு, மதகருகே திரளும் மீனை வலையால் வாருகின்றனர். வடிந்த நீர் வீணாவதில்லை. கீழேயுள்ள ஏரியை நிரப்புகிறது. நாணற் காடுகளில் நாரைகள், நீர்க்காக்கைகள். ஐரோப்பியக் குள ஆமை இங்கே மிகுதி. அது நீரில் வாழ்ந்தாலும் முட்டையிடுவதற்குக் கரையேறி, மணற்பாங்கான புல்வெளியைத் தேடிப் போகும். ஆதலின் ஏரியை மட்டும் காத்து மேட்டை உழுதுவிட்டால் ஆமைக்கு வாழ்வில்லை.

இவ்வேரிகளில் மிகப்பல தனியார் உடைமை. வேட்டைக்காக வேலியடைத்தவையும் உண்டு. விலங்கும் கடக்க இயலாதபடி உயர்ந்த கம்பிவேலி இடும் வழக்கம் அண்டைப் பகுதியான சொலோஞில் மிகவும் பெருகியதால், 2023 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. இயற்கைப் பகுதிகளில் வேலி 1.20 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதே சட்டம், தனியார் நிலம் என்று தெளிவாகக் குறித்த இடத்தில் அனுமதியின்றி நுழைவோர்க்கு அபராதமும் விதித்தது. முயலுக்கு வழி திறந்து மனிதனுக்கு வழியடைத்த சட்டம் இது என்று வழியில் ஒருவர் வேடிக்கையாகக் கூறினார். அவர் கூறியது முழுவதும் நியாயமன்று. எனினும், இத்தகைய நாட்டில் ஏரியின் அழகைப் பொதுமக்கள் காண எஞ்சியிருப்பது கொம்யூனின் பாதை ஒன்றே.

பின்னர் மேற்குக் கடலை நோக்கி, பொய்த்து சதுப்புநிலத்திற்குச் சென்றோம். ஏறத்தாழ 1,00,000 ஹெக்டேர் பரப்பு. துறவிகள் 13-ஆம் நூற்றாண்டிலேயே கால்வாய் வெட்டி நீரை வடித்தனர். வாய்க்கால்தோறும் தலை வெட்டிய ஆஷ் மரங்கள் நின்று, வேரால் கரையைப் பிடித்திருக்கின்றன. அவற்றையும் இப்போது ஒரு பூஞ்சை நோய் தாக்கி வருகிறது. மாடுகளைத் தட்டைப் படகில் ஏற்றி மேய்ச்சல் தீவுகளுக்குக் கொண்டுபோன ஊர் இது. 1970-க்குப் பின், ஈரப் புல்வெளிகளை உலர்த்தி மக்காச்சோளமும் தானியமும் விளைவிப்பது பெருகிற்று. அதனால் அப்பகுதி வட்டார இயற்கைப் பூங்கா என்னும் தகுதியை 1990-களில் இழந்தது. 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் பிரான்சின்மீது குற்றங் கண்டது. இழந்த தகுதியை மீண்டும் பெற்றது 2014-இல்.

சதுப்பின் ஓரத்தில், மேட்டு வயல்களிடையே, நமக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. படத்தில் பாதை இருக்கிறது. எதிரே மக்காச்சோளம் தலைக்கு மேல் நிற்கிறது. பாதையை உழுது விதைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி இரண்டு மணி நேரம் அலைந்து, கால் கொப்புளத்துடன் ஊருக்குள் வந்து, கொம்யூன் அலுவலகத்தை அடைந்தோம். வாரத்தில் சில அரைநாட்களே திறக்கும் அலுவலகம். நமது நல்லூழ், அன்று திறந்திருந்தது.

மேயரும் ஓர் உழவர். பழைய நில அளவைப் படத்தை மேசைமேல் விரித்தார். பாதை இரட்டைக் கோடாகத் தெளிவாயிருந்தது. 1950 முதல் 1980 வரையில் சிதறிய துண்டு நிலங்களை ஒன்று சேர்த்த வேலையில், நாடெங்கும் பல லட்சம் கிலோமீட்டர் உயிர்வேலியும் எண்ணற்ற பாதைகளும் மறைந்தன. அத்திட்டத்தை நாம் குறை கூறோம். இருபது துண்டாகக் கிடந்த நிலத்தில் டிராக்டர் எங்ஙனம் திரும்பும்? ஆனால் அதில் தப்பிய பாதைகளே இப்போது ஆண்டுக்கு ஒரு கலப்பை அகலமாகக் குறைகின்றன என்றார் அவர்.

சட்டம் இவ்வாறு: ஊர்ப்பாதையைப் பொதுமக்கள் பயன்படுத்தும் வரையில் கொம்யூன் அதை விற்க இயலாது. பயன்பாடு அற்றுவிட்டால் பொது விசாரணை நடத்தி விற்கலாம். 30 ஆண்டுகள் ஒருவர் தடையின்றி அனுபவித்துவிட்டால், அனுபவ பாத்தியதையால் அவரே சொந்தம் கொண்டாடவும் கூடும். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றம் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டப் பாதைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால், மாற்றுப் பாதை தராமல் அதை விற்க முடியாது. 2022-இல் வந்த சட்டம், கொம்யூன் தன் பாதைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினால், 30 ஆண்டுக் காலக்கெடு அக்கணக்கெடுப்பு முடியும்வரை இரண்டாண்டுக்கு மேற்படாமல் ஓடாது நிற்கும் என்கிறது.

“அப்படியானால் கணக்கெடுக்கலாமே?” என்று நண்பர் கேட்டார். மேயர் சற்று நேரம் பேசவில்லை. உழுதவர் மன்ற உறுப்பினர் ஒருவரின் மைத்துனராம். தேர்தலில் உதவியவருமாம். இதைக் கேட்டதும் நாம் அயல்நாட்டில் இருக்கிறோம் என்ற நினைவே போய்விட்டது.

பின்னர் எழுத்தர் அம்மையார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எம்முன் வைத்தார். அன்று அப்பாதையில் நடக்க வந்தோம், பயிரால் தடைப்பட்டோம் என்று எழுதிக் கொடுக்க இயலுமா என்றார். அயலூரார் நடக்க வருகின்றனர் என்பதற்கு அது ஒரு சான்றாகும். அடுத்த மன்றக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். மேயர் வேண்டாம் எனவில்லை. தமது பேனாவையே எடுத்து நீட்டினார். நண்பர் பிரெஞ்சில் எழுத, மூவரும் தேதியிட்டுக் கையொப்பமிட்டோம். அம்மையார் அதில் வரவு முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார்.