சேர்ந்துடுவாங்களா?



வேலை நிமித்தம் தினமும் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். சீலநாயக்கன்பட்டி தாண்டினால் மல்லூர், அப்புறம் ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம், நாமக்கல். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுவேன். என் வாசகசாலை அந்தப் பஸ்தான். ஒரு நாவலை அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோலும் பஸ்ஸில் கிடைத்ததுதான்: எந்த ஊர் தாண்டியதே தெரியாமல் படித்தேன்?

இந்தக் கோடையில் மர்மம், மாயம், காதல் என்று மூன்று வகையிலும் மாற்றி மாற்றிப் படித்தேன். அவற்றைப் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரைக் குறை சொன்னால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அவர்கள் பிடித்தவர்கள்தான்.

பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து தொடங்குவோம். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்கள். கடைக்காரர் என்னைக் கண்டதும், "அம்மணி, புதுசு வந்திருக்குங்க" என்பார். புதுசு என்றால் அட்டைதான் புதுசு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் வாங்குவேன்.

க்ரைம் என்றால் கோவை ராஜேஷ்குமார். 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். அவருடைய தொழில்நுணுக்கம் எல்லா வாசகருக்கும் பழக்கமானது. ஒன்றாவது அத்தியாயத்தில் ஒரு கதை, இரண்டாவதில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, மூன்றாவதில் மறுபடி முதல் கதை. இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்று பார்ப்பதுதான் சுவாரசியம். அவருடைய துப்பறியும் நாயகன் விவேக்கும் மனைவி ரூபலாவும் வந்துவிட்டால் நமக்கு ஒரு தெம்பு. என் குறை ஒன்றுதான். சேர்கிற இடத்தில் அவசரம். ஐந்து பேரைக் கொன்றவன் கடைசி நான்கு பக்கத்தில் நின்று, ஏன் கொன்றேன் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். கண்டுபிடிக்கிற வேலையை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே என்று தோன்றும்.

இன்னொரு வருத்தம், எங்கள் ஊர்க்காரி என்ற முறையில். பொதுவாகத் தமிழ் மர்மக் கதைகளில் ஏற்காடு என்றால் பங்களா, பனி, பிணம். சேலத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவுகள். எழுத்தாளர்கள் அத்தனையையும் ஒரே வரியில் ஏறிவிடுகிறார்கள். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களோ, மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர்களோ சாட்சி சொல்லக்கூட வருவதில்லை. எல்லாம் பார்த்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை ஒருவரும் விசாரிப்பதில்லை.

அடுத்து இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் இருந்து எழுதியவர், 2024 நவம்பரில் மறைந்தார். அவருடைய 'மர்மதேசம்' டிவி தொடர் ஓடிய நாட்களில் 'விடாது கருப்பு' முடிந்த பிறகு தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகப் பயந்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், சாமி என்பவருக்கும் சயின்ஸ் என்பவருக்கும் ஒரே கதையில் இடம் போட்டுக் கொடுப்பார். கதவை முழுக்கச் சாத்தமாட்டார், ஒரு விரல்கடை திறந்தே இருக்கும். அந்த இடுக்கில்தான் பயம் வரும். ஆனால் அடுத்தடுத்து நான்கு படித்தால் ஓலைச்சுவடியும் சித்தரும் பாழடைந்த கோயிலும் வரிசை மாறாமல் வருவார்கள். மாதம் ஒன்று போதும் என்பது என் கணக்கு.

காதலுக்கு வருவோம். ரமணிசந்திரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் படித்துவிட்டோம். பணக்காரன், கோபக்காரன், உள்ளுக்குள் நல்லவன், அவனிடம் தலைகுனியாத ஒரு பெண், நடுவில் ஒரு தப்பெண்ணம், கடைசியில் கல்யாணம். முதல் பக்கத்திலேயே முடிவு தெரியும். தெரிந்தே படிக்கிறோம். தெரிவதால்தான் படிக்கிறோம் என்றுகூடச் சொல்வேன். வீட்டில் ஆயிரம் விஷயம் எப்படி முடியும் என்று தெரியாமல் கிடக்கும்போது, ஒன்றாவது நல்லபடி முடியும் என்று உறுதி இருப்பது சின்ன ஆறுதலா? அவர் நாயகிகளின் தன்மானத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இப்போது போனில் தொடராக வரும் காதல் கதைகளில் அந்தத் தன்மானம் தேய்ந்துகொண்டு வருகிறது. 'ஆன்டி ஹீரோ' என்று ஒரு வகை. அவன் அறைவான், பூட்டி வைப்பான், கடைசியில் அதெல்லாம் அளவு கடந்த அன்பு என்று ஆகிவிடும். அப்படி ஒன்றைப் பாதியிலேயே மூடினேன். அன்றைக்கு ஒவ்வொரு ஊரும் நிதானமாக வந்துபோனது.

பழசு, புதுசு இரண்டிலும் ஒன்றைக் கவனித்தேன். நான் படித்த இந்தக் காதல் நாவல்களில் ஜாதகம் பார்க்கிறார்கள், ஜாதியை ஒருவரும் கேட்பதில்லை. கம்பெனி முதலாளி, ஆதரவற்ற ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அவன் பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் யாரும் வாய் திறப்பதில்லை. நேயர்களே, நம் பக்கத்தில் இது நடக்குமா? மாயக்கதை என்று தனி அலமாரி எதற்கு, இதையே அங்கே வைக்கலாமே என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் நாமக்கல் மண்ணில் பிறந்தவர்கள் எழுதிய மூன்று நாவல்களை அடுத்தடுத்து எடுத்தேன். வகைக்கு ஒன்று.

மர்மத்துக்கு 'மலைக்கள்ளன்'. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888-ல் காவிரிக் கரையில் மோகனூரில் பிறந்தவர். வேதாரண்யம் உப்பு யாத்திரைக்குப் பாட்டு எழுதியவர், தமிழகத்தின் முதல் அரசவைக் கவிஞர். அவர் அப்பா போலீஸ்காரர். போலீஸ்காரர் மகன் கள்ளனைக் கதாநாயகன் ஆக்கியிருக்கிறார் என்பதே எனக்கு முதல் சுவாரசியம்.

சேலத்துக்கும் இந்த வகைக் கதை அந்நியமில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலை எடுத்து, நம்பியாருக்கு வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு, 1950-ல் 'திகம்பர சாமியார்' படம் தந்தது ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ்தானே. மலைக்கள்ளனைப் படமாக்கியது கோவை பட்சிராஜா. 1954-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வந்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று மொத்தம் ஆறு மொழிகளில் அந்தக் கதை போனது.

மற்ற மர்மக் கதைகள், நல்லவர்கள் நடுவில் ஒளிந்திருக்கும் கெட்டவன் யார் என்று கேட்கும். இந்தக் கதை, கெட்டவன் என்று ஊர் பயப்படுகிற ஆளுக்குள் இருக்கும் நல்லவன் யார் என்று கேட்கிறது. புத்தகத்திலிருந்து தலை தூக்கினால் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் கொல்லிமலை. அங்கேதான் எங்கேயோ அவன் குகை இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: தற்செயல்கள் அதிகம், ஆளாளுக்கு நீதி சொல்கிறார்கள், சில இடங்களில் மேடைப் பேச்சு கேட்கிற உணர்வு. அன்றைக்கு ஆண்டகளூர்கேட் வந்தது எனக்குத் தெரிந்தது.

படம் பார்த்த எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் என்பதால் முடிவைச் சொல்லலாம். மலையில் இருப்பவன், ஊருக்குள் வியாபாரியாக நடமாடுபவன் எல்லாம் ஒரே ஆள். அவன் கதாநாயகி பூங்கோதைக்குச் சிறுவயதில் காணாமல் போன உறவுக்காரப் பையன். எம்.ஜி.ஆர் படமாகப் பார்த்த வயதில் கைதட்டினேன். இப்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவ்வளவு துணிச்சலான கள்ளனும் கடைசியில் முறைக்காரனாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. ஊரையே கொள்ளையடிக்கலாம், உறவுக்கு வெளியே பெண் எடுக்க முடியாது போலிருக்கிறது.

இரண்டாவது, மாயம். பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016-ல் வந்தது. எழுதமாட்டேன் என்று அவர் ஒதுங்கியிருந்து திரும்பிய பிறகு வந்த முதல் நாவல். அசுரன் போன்ற ஒரு ஆள், பிறந்து ஒரு நாளே ஆன கறுப்புக் குட்டியை ஒரு கிழவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். கிழவி அதை வளர்க்கிறாள். நாடு எது என்று பெயரில்லை. அந்த நாட்டில் ஆட்டுக்கும் காது குத்திக் கணக்கு எழுத வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். குட்டி எப்படி வந்தது என்று அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். கறுப்பு என்றால் சந்தேகம், இருட்டில் கண்ணுக்குத் தெரியாதே!

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என்னை மறந்து சிரித்துவிட்டேன். பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மா, "ஏன் கண்ணு?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க மாட்டுக்கும் மஞ்சத் தோடு போட்டுட்டுப் போனாங்க, பன்னெண்டு நம்பரு" என்றார். நம் பக்கத்து ஆட்டு இனத்துக்குப் பெயரே 'சேலம் கருப்பு'. அரசுப் பதிவேட்டில் இருக்கிற இனம். ஆக, இந்த மாயக்கதையில் மாயம் முதல் சில பக்கம்தான். மிச்சமெல்லாம் மழை பொய்த்த வருஷம், கஞ்சிக்கு வரிசை, தீவனத்துக்கு ஓட்டம். அந்த அம்மாவுக்கு அது நாவலே இல்லை, சேதி.

குறை உண்டு. அரசாங்கத்தைக் கிண்டல் செய்கிற இடங்கள் சில தடவை மெல்லியதாகி, கை தெரிந்துவிடுகிறது. ஆடு ஆடாக இருக்கும் பக்கங்கள்தான் பலம். முதல் முறை மேய்ச்சலுக்குப் போவது, பூவன் என்ற கிடாயோடு பழகுவது, ஈனுவது. ஒரு காதல் நாவலில் இருக்க வேண்டிய ஏக்கமெல்லாம் அந்த ஆட்டிடம் இருக்கிறது. அன்று புதுச்சத்திரம் தாண்டியது தெரியாது.

மூன்றாவது, காதல். அதே ஆசிரியரின் 'பூக்குழி', 2013. 2023-ல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சோடாக் கம்பெனியில் வேலை பார்க்கும் குமரேசன், நகரத்துப் பெண் சரோஜாவைக் கல்யாணம் செய்து தன் கிராமத்துக்குக் கூட்டி வருகிறான். பாறைமேல் ஒரு குடிசை. மாமியார் மாராயி. ஊர் கேட்பது ஒரே கேள்வி: பெண் என்ன சாதி? அந்தக் கேள்விக்கு நாவல் கடைசிவரை பதில் சொல்வதில்லை. நமக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த ஆசை எனக்குள்ளும் எட்டிப் பார்த்தபோதுதான் கொஞ்சம் கூசிப்போனேன்.

இதிலும் எனக்குக் குறை உண்டு. சரோஜா பயப்படவும் காத்திருக்கவும் மட்டுமே பிறந்தவள்போல் பல பக்கங்கள் போகின்றன. நகரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஒரு எரிச்சல், ஒரு பிடிவாதம் இருக்காதா? மாராயியின் சாபங்கள் ஒரு கட்டத்துக்கு மேல் அலுப்புத் தருகின்றன. ஆனாலும் மொத்த நாவலிலும் உயிரோடு எழுந்து நிற்கிறவள் அந்த மாராயிதான். அவள் பேச்சை நான் கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். மாடு கன்றிடமும் பிள்ளையிடமும் அவ்வளவு பாசம் வைத்திருப்பவள், மருமகளிடம் மட்டும் எப்படி அப்படி ஆகிறாள் என்பதை ஆசிரியர் விளக்கவில்லை, காட்டிவிடுகிறார்.

இந்தப் புத்தகம், சாதி கடந்து கல்யாணம் செய்து பிறகு உயிரிழந்த தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. வெளிவந்து இரண்டு ஆண்டு கழித்து, 2015-ல், வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போயிருந்த ஓமலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவரைக் கொன்றவர்களுக்கு 2022-ல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. க்ரைம் நாவல் என்று கயிற்றில் தொங்குவதில் எனக்கு வராத நடுக்கம், காதல் கதை என்று எடுத்த இந்தப் புத்தகத்தில் வந்தது. கடைசிப் பக்கங்களைப் படித்த அன்று நாமக்கல் வந்து, எல்லாரும் இறங்கி, கண்டக்டர் வந்து கூப்பிட்டார்.

நாமக்கல்லில் கவிஞர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பாருங்கள். ஆனால் எந்த நூலகத்திலும் அலமாரியில் எழுதியிருக்கும் வகைப் பெயரை நம்பி மட்டும் எடுக்காதீர்கள். நான் மாயம் தேடிப் போனேன், பட்டியும் பஞ்சமும் கிடைத்தது. மர்மம் தேடிப் போனேன், முறைமாப்பிள்ளை கிடைத்தான். காதல் தேடிப் போன இடத்தில்தான் உண்மையான மர்மம் இருந்தது.

போன வாரம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வந்து, "அக்கா, ஒரு லவ் ஸ்டோரி குடுங்க" என்று கேட்டாள். ஒரு கையில் மாத நாவல், ஒரு கையில் பூக்குழி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்: "சேர்ந்துடுவாங்களா?"

மாத நாவலைக் காட்டி, "இதுல கண்டிப்பாச் சேர்ந்துடுவாங்க" என்றேன்.

"அப்ப அது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை.