ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்து ஒரகடத்தில் இன்ஜினியராக இருக்கிறேன் என்று அறிமுகம் செய்தார்கள். நடுவில் பதினொரு மாதம் டாக்ஸி ஓட்டியதைச் சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

2020 ஊரடங்குக்குப் பிறகு நான் இருந்த கம்பெனியில் ஆட்குறைப்பு. வீட்டு வாடகை காத்திருக்குமா? தெரிந்தவருடைய டி-போர்டு வண்டிக்கு டிரைவராகப் போனேன். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண் தொழிலாளர்களை ஏற்றி ஒரகடத்தில் விடும் வேலை. "இன்ஜினியருக்குப் படிச்சுட்டு ஸ்டியரிங் பிடிக்கிறியாடா?" என்றார் மாமா.

அதற்கு முன் ஷிப்ட் அட்டவணை போட்டவன் நான். காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10. காகிதத்தில் அழகாக இருக்கும். 10 மணிக்கு முடித்தவர்களை ஊர் ஊராக இறக்கிவிட்டு டிரைவர் வீடு சேரப் பன்னிரண்டு ஆகும், 6 மணி ஷிப்டுக்கு மூன்றரைக்கே எழ வேண்டும் என்பது ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பகலில் கேட்டுக்கு வெளியே சீட்டைச் சாய்த்துக் காத்துக் கிடப்போம். அதற்கு ட்ரிப் ஷீட்டில் கணக்கே கிடையாது.

ஒருநாள் விடிகாலை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண் அசந்துவிட்டது. வண்டி மண்ணில் இறங்கிக் குலுங்கியதும் விழித்து பிரேக் போட்டேன். உள்ளே நான்கு பெண்கள். யாரும் திட்டவில்லை. ஒரு தங்கை மட்டும், "டீ குடிச்சிட்டுப் போலாம்ணே, லேட்டானா நாங்க சொல்லிக்கிறோம்" என்றாள். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை வண்டிக்காரரிடம் ஓட்டிய எனக்கு எட்டவில்லை.

மறுபடி இன்ஜினியர் வேலை கிடைத்தது. இப்போது என் அட்டவணையில் டிரைவருக்கும் ஒரு கட்டம் உண்டு. வீடு சேர்ந்ததற்கும் எழுவதற்கும் இடையே 8 மணி நேரம் இல்லாவிட்டால் வேறு டிரைவர். செலவு கூடுகிறதே என்று மாதாமாதம் கேள்வி வருகிறது. மாதாமாதம் பதில் சொல்கிறேன். மாணவர்களே, நாளை நீங்களும் அட்டவணை போடுவீர்கள். அந்தக் கட்டத்தை மறந்துவிடாதீர்கள்.

நம்மை அழைத்து வந்த டிரைவர்கள் வெளியே மரத்தடியில் காத்திருக்கிறார்கள். இன்றைய விருந்தில் அவர்களுக்கும் இலை போடும்படி விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.