ஸ்தாபனத்தின் வழக்கமும் 14 உயிர்களும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



எந்த ஸ்தாபனத்திலும் சட்டதிட்டங்களை எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆனால் அங்கு உண்மையில் ஆட்சி செலுத்துவது எழுதின சட்டமல்ல; எழுதாத வழக்கமேயாகும். மேலதிகாரிக்குப் பிடிக்காத உண்மையை அங்கே சொல்ல முடியுமா என்று பார்த்தால், அந்த வழக்கம் இன்னதென்று விளங்கிவிடும்.

இதற்கு அமெரிக்காவிலேயே ருஜு இருக்கிறது. 1986-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி நாஸாவின் 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறிற்று. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை உள்பட 7 பேர் மாண்டார்கள். ராக்கெட்டின் இணைப்பில் வைத்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, நெருப்பை அடைக்க முடியாமற் போனதே காரணம்.

இது யாருக்கும் தெரியாத சங்கதியா? இல்லை. முதல் நாள் இரவே ராக்கெட் செய்த கம்பெனியின் இஞ்சினீயர்கள், இந்தக் குளிரில் ஓடத்தை விடக்கூடாதென்று டெலிபோனில் வாதாடினார்கள். நாஸா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. உடனே கம்பெனியின் மேலதிகாரி ஒருவர் தமது இஞ்சினீயரிங் தலைவரைப் பார்த்து, இஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். தொப்பி மாறியது, சம்மதமும் போயிற்று!

அவர்கள் கொலைபாதகர்களா? அல்லவே அல்ல. முந்திய பயணங்கள் சிலவற்றில் வளையம் அரிக்கப்பட்டும் ஓடம் பத்திரமாய்த் திரும்பியிருந்தது. "இத்தனை தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்ற வழக்கம் புத்தியை மழுக்கிவிட்டது. நேற்றுத் தப்பியது, நாளை தப்புவதற்கு ருஜுவாகுமா? விசாரணைக் கமிஷனில் இருந்த விஞ்ஞானி பெயின்மன், வளையத் துண்டொன்றை ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்து, அது விறைத்துப் போவதைச் சபையிலேயே காட்டினார். ஒரு தம்ளர் தண்ணீரில் தெரிந்த உண்மை, அவ்வளவு பெரிய ஸ்தாபனத்தின் காதில் ஏறவில்லை!

அப்புறமாவது திருந்தினார்களா? 2003-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி 'கொலம்பியா' ஓடம் உடைந்து இன்னும் 7 பேர் மாண்டார்கள். ஓடத்தின் இறக்கையை நுரைக்கட்டி தாக்கியது எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு ஸ்தாபனத்தின் வழக்கமும் காரணம் என்று விசாரணைக் குழுவே எழுதிற்று.

ஆகவே தோழர்களே! உங்கள் மில்லிலோ ஆபீசிலோ கடைசியாக "இது தப்பு" என்று சொன்னவனின் கதி என்னவாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு நன்றி கிடைத்ததா, சீட்டுக் கிழிந்ததா? அதுதான் அந்த ஸ்தாபனத்தின் யோக்கியதை. சுவரில் தொங்கும் வாசகமல்ல.