பெருவிரலில் பிறந்த மெட்டு



அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்போரோ என்று ஒரு சிற்றூர். 1893-ல் அங்கே ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் எலிசபெத் காட்டன். வீட்டுக்கு அருகிலேயே ரயில் தண்டவாளம். அண்ணன் வேலைக்குப் போனதும் அவருடைய பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை எடுத்து இசைத்துப் பார்ப்பாள் அந்தச் சிறுமி. கம்பி அறுந்துபோவதும் உண்டு.

பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்றது. வீட்டு வேலைக்குப் போனாள். மாதக் கூலி 75 சென்ட். அதைச் சேர்த்துவைத்து வாங்கிய கிடாரின் விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் பாருங்கள், ஐந்து மாத உழைப்பு!

அவருக்கு இடக்கைப் பழக்கம். கம்பிகளை மாற்றிக் கட்டாமல், கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். மற்றவர்கள் பெருவிரலால் கனத்த கம்பிகளைத் தட்டி, மற்ற விரல்களால் மெட்டை வாசிப்பார்கள். இவருக்கோ மெட்டு பெருவிரலில் வந்தது. சொல்லித்தர ஆளில்லாத ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடித்த முறை அது. இன்று அவர் பெயராலேயே கிடார் கலைஞர்கள் அதைப் பயில்கிறார்கள். 'ஃபிரெய்ட் ட்ரெயின்' என்ற சரக்கு ரயில் பாட்டை அவர் கட்டியது பன்னிரண்டு வயதை ஒட்டித்தான்.

பிறகு கல்யாணம், குழந்தை. இதெல்லாம் உலகியல் பாட்டு, விட்டுவிடு என்றது தேவாலயம். பல பத்தாண்டுகள் கிடாரைத் தொடவில்லை.

1940-களின் பிற்பகுதி. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தவர், கூட்டத்தில் தொலைந்த ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைத்தார். தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் சீகர், சிறுமி பெக்கி. அந்த வீட்டிலேயே அவருக்கு வேலை கிடைத்தது. சுவரில் மாட்டியிருந்த கிடாரை ஒருநாள் எடுத்து வாசித்தார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

பெக்கி வழியாக அந்தச் சரக்கு ரயில் பாட்டு இங்கிலாந்து போனது. அங்கே வேறு இருவர் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள்! 1957-ல் பிரிட்டனில் அது பெரும் வெற்றி பெற்றபோது, எழுதியவர் வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். வழக்காடித்தான் பிறகு அவருக்கு உரிமை கிடைத்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

பெக்கியின் அண்ணன் மைக் சீகர் எலிசபெத்தின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்த அவருடைய முதல் இசைத்தட்டு 1958-ல் வெளிவந்தது. மேடை ஏறியபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் தூங்கப்போகும் நேரத்தில் ஆளுக்கு ஓரடியாகச் சொல்ல, அவர்களோடு சேர்ந்து புதுப் பாட்டும் கட்டினார். ஊர் ஊராகப் பாடிச் சேர்த்த பணத்தில் சிரக்யூஸ் நகரில் சொந்த வீடு வாங்கினார். 1985-ல் கிராமி விருது வந்தபோது அவருக்கு வயது 92.