வெளிநாட்டுச் சுற்றுலா: போன் கைவிட்டாலும் கைகொடுக்கும் ஒரு தாள்



காரைக்கால்காரர்களுக்கு வெளிநாடு என்பது தூரத்துச் சங்கதி இல்லை. தெருவில் நாலு வீடு தாண்டினால், பாரிசில் பிள்ளை இருக்கிற வீடு ஒன்று வந்துவிடும். அடுத்த தெருவில் சிங்கப்பூர், மலேசியா, துபாய். இப்போது கப்பலும் சேர்ந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய பயணிகள் கப்பல், பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நமக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் துறைமுகம். அங்கிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் அக்கரை.

பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு அசட்டையும் வந்துவிடுகிறது. "நம்ம ஆளுங்க இருக்காங்க, எல்லாம் போன்ல இருக்கு, என்ன ஆயிடப் போவுது?" என்று கிளம்பிவிடுகிறோம். என்ன ஆகும் என்பதை எங்க வீட்டுக் கதையிலிருந்தே சொல்றேன்.

என் அத்தைக்குச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை இன்சுலின். பேரப்பிள்ளைகளோடு கோடை விடுமுறையைக் கழிக்க பிரான்ஸ் போனார். இன்சுலின், மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அத்தை இறங்கினார், பெட்டி வந்து சேரவில்லை. மருந்துக் கடையில் மருந்தின் பெயர் கேட்டார்கள். அத்தைக்குத் தெரிந்தது நம்ம ஊர்க் கம்பெனிப் பெயரும், "காலையில இருபது, ராத்திரி பத்து" என்ற கணக்கும்தான். சீட்டின் போட்டோ இருந்தது. ஆனால் அது என் போனில் இருந்தது. இங்கே நடுராத்திரி. என் போன் சைலண்டில் கிடந்தது.

காலையில் எழுந்து பார்த்தபோது பதினேழு அழைப்புகள். நான் படத்தை அனுப்புவதற்குள் அத்தையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நல்லவேளை, மூன்று நாளில் சரியாகிவிட்டார். மருத்துவமனை பில்லைக் கட்ட மட்டும் மச்சானுக்கு மாதக்கணக்கில் ஆனது.

அன்றைக்கு அத்தையின் கைப்பையில் ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அந்தத் தாளைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப் போகிறேன்.

தாளில் என்ன எழுத வேண்டும்?

மேலே உங்கள் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. பாஸ்போர்ட் எண், ரத்த வகை, என்னென்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

அடுத்து மருந்துகள். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. மருந்தின் மூலப்பெயர் வேண்டும். "டோலோ" என்றால் பாரிஸ் மருந்துக் கடையில் புரியாது, "பாராசிட்டமால்" என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். மூலப்பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். உங்கள் டாக்டரிடமே அதை, அளவோடும் வேளையோடும், ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, தொலைபேசி எண்கள். 108 நம் நாட்டோடு சரி. ஆம்புலன்சுக்கு இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998, தாய்லாந்தில் 1669. பிரான்சில் 15; ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. இலங்கையின் 1990 இலவச சேவை. இந்தியாவின் உதவியோடு 2016-ல் தொடங்கப்பட்டது. இவற்றோடு போகும் நாட்டின் இந்தியத் தூதரக எண், இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண், பாலிசி எண், வீட்டில் இரண்டு பேர் எண். அந்த இரண்டு பேரும் பயணம் முடியும்வரை ராத்திரியில் போனை சைலண்டில் போடக்கூடாது. இதை அனுபவத்தில் சொல்றேன்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று கூட வருபவரிடம், ஒன்று வீட்டில். போனிலும் படம் இருக்கட்டும். அது நாலாவது பிரதி, அவ்வளவுதான்.

மருந்தும் பொட்டலமும்

தினசரி மருந்து கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் குளிர் அதிகமானால் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக வையுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். சோதனையில் என்ன மாத்திரை என்று கேட்டால் அட்டைதான் சாட்சி.

இங்கே சாதாரணமாகத் தோன்றும் சில மருந்துகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகளை அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோக முன்அனுமதி தேவைப்படலாம். குருமாவுக்கு அரைக்கிற கசகசாவுக்கு அமீரகத்தில் தடை. போதைப்பொருள் வழக்காகவே ஆகிவிடும். வாயில் மெல்லும் புகையிலைப் பொட்டலங்களுக்கு இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தடை.

அடுத்து நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்று. வெளிநாடு கிளம்புகிறோம் என்று தெரிந்தால் போதும், "எம் புள்ளைக்கு இத மட்டும் குடுத்துடு தம்பி" என்று பொட்டலம் வரும். மறுக்க மனசு வராது. ஆனால் உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். அடுத்தவர் பெயரில் உள்ள மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்சூரன்ஸில் உண்மையைச் சொல்லுங்கள்

பிரான்ஸ் உட்பட ஷெங்கன் நாடுகளுக்கான குறுகியகால விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கிடைத்தால் போதும் என்று இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்துவிடுகிறோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பதை மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். எங்க அத்தை விஷயத்தில் நடந்தது அதுதான். படிவத்தில் "நோய் இல்லை" என்று நிரப்பியது யார் என்று வீட்டில் யாரும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற நோயைச் சொல்லி, அதற்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு அங்கே அரசு மருத்துவ அட்டை இருந்தாலும், சுற்றுலா போகும் அம்மா அப்பாவுக்கு அது செல்லாது.

போன இடத்தில்

நீண்ட நேர விமானப் பயணத்தில் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்திருந்தால் ரத்தம் உறையலாம். மணிக்கொருமுறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இலங்கை, தாய்லாந்து, மலேசியா போகிறவர்கள் டெங்குவை மறக்கக்கூடாது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும்.

இலங்கையை 2016-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அங்கே போய்க் காய்ச்சல் வந்தால், "இந்தியாவிலிருந்து வந்தோம்" என்று டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அதேபோல ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தோம் என்பதை இங்கே சொல்லுங்கள். சரியான பரிசோதனை அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கும்.

நாயோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பது இதில் உயிர்போகிற தாமதம்.

கடல் விஷயத்தில் நமக்குத் தைரியம் அதிகம். ஆனால் பழகாத கடற்கரையின் நீரோட்டம் நமக்குத் தெரியாது. சிவப்புக் கொடி என்றால் இறங்கக்கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால்

முதலில் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பிறகு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்தில் வீட்டிலிருப்பவர்களும் குறையைப் பதிவு செய்யலாம்.

நம்ம ஊரில் ஒரே வீட்டில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கும். மகன் பிரெஞ்சுக் குடிமகன், அம்மா இந்தியக் குடிமகள். குடும்பமாகப் போய் பெட்டி தொலைந்தால் இருவரும் போக வேண்டிய தூதரகம் வேறு வேறு. இரண்டு முகவரியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "சுற்றுலா விசாவில் வா, அங்கே கம்ப்யூட்டர் வேலை தயார்" என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைக்கிறார்கள். நம் அரசு பலமுறை எச்சரித்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வேலை செய்ய முடியாது. அப்படி வேலை தருகிறேன் என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்று பாருங்கள். புதுப்பிக்க வேண்டுமானால் காரைக்காலிலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. "எம்பாஸ்போர்ட் சேவா" செயலியில் விண்ணப்பித்து நாள் குறித்துவிட்டுப் போங்கள். கப்பலில் போகிறவர்கள் அன்றைக்குக் கப்பல் உண்டா என்று முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் ஓடாது. விசாவுக்கு அந்தந்த அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம்.

கோட்டுச்சேரியோ, நிரவியோ, திருமலைராயன்பட்டினமோ, நீங்கள் எங்கே இருந்தாலும் இதை இன்றைக்கு ராத்திரியே செய்யலாம். ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். டாக்டர் கையெழுத்தை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். அத்தை அடுத்த வருஷமும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனார். பர்சில் பாட்டன் பூட்டன் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாள் மடித்து இருந்தது. அந்தத் தடவை முப்பது நாளும் பேரப்பிள்ளைகளோடுதான் இருந்தார்.

பத்திரமாகப் போய், நல்லபடியா திரும்பி வாங்க.