களத்தில் அளந்த கூலியும் தட்டில் வைக்கும் டிப்ஸும்

(சின்னமனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

அறக்கட்டளைக்கு உரிய பெரியவர் தம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலியை ஒருநாளும் தள்ளிப் போட்டதில்லை என்று இவ்வூரார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைய பொருளுக்கு அதுவே போதிய முன்னுரை.

1. வழக்கு

பணியாளருக்குக் கூலிக்கு மேல் நாம் கையில் கொடுக்கும் பணம் நன்மையா, தீமையா? ஓட்டலில் பரிமாறும் சப்ளையர், லாட்ஜில் பெட்டி தூக்குபவர், சிலிண்டர் கொண்டுவருபவர், செயலி வழியாக உணவு கொண்டுவரும் இளைஞர் என்று நாள்தோறும் இந்தக் கேள்வி நம் முன் நிற்கிறது. இதில் நானும் என் துறைத் தோழர்களும் நெடுங்காலமாக மோதிவருவதை இந்த அவையில் பலரும் அறிவீர்கள்.

தோழர்களில் ஒரு சாரார், டிப்ஸ் என்பது நம் கொடை மரபின் தொடர்ச்சி, புலவனுக்கும் பாணனுக்கும் பரிசில் தந்த கைதான் இன்று பில் தட்டில் பத்து ரூபாய் வைக்கிறது என்பர். மற்றொரு சாரார், இது வெள்ளையரின் கிளப்புகளோடும் பங்களாக்களோடும் வந்த வழக்கம், மனிதனைக் கைகட்டி நிற்க வைப்பது, அடியோடு ஒழிக்க வேண்டும் என்பர். இரு சாராரையும் மதிக்கிறேன். இருவர் முடிவையும் மறுக்கிறேன்.

என் முடிவு இது. கொடுக்கும் பணத்தின் அளவை யார் வைக்கிறார், எப்போது வைக்கிறார் என்பதைப் பொறுத்தே அது உரிமையாகவோ தயவாகவோ ஆகிறது. அளவு ஊரறிய முன்கூட்டியே வைக்கப்பட்டால் அது கூலி. வேலை முடிந்தபின் கொடுப்பவர் மனத்தில் அளவு உருவானால் அது டிப்ஸ். கொடுக்கும் பொருள் நெல்லா, காசா, நிலமா என்பது இரண்டாம் கேள்வி.

2. செப்பேட்டுச் சான்று

கொடை மரபுக் கட்சியார் எப்போதும் எடுத்துவைக்கும் சான்று வேள்விக்குடிச் செப்பேடு. நம் சின்னமனூர்ச் செப்பேடுகளைப் போலவே பாண்டியர் வரலாற்றுக்கு அடிப்படையான ஆவணம் அது. பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட அதில், செப்பேட்டை எழுதிய யுத்தகேசரிப் பெரும்பணைகாரன் மனையும் நிலமும் பெற்ற செய்தி இருக்கிறது. "வேலை செய்தவனுக்கு மகிழ்ந்து கொடுத்தது, இது டிப்ஸ் இல்லையா?" என்பது தோழர்களின் வாதம்.

அதே செப்பேட்டை வைத்தே மறுக்கிறேன். எழுதியவன் பெற்றது, அவன் எழுதிய ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. ஊரைப் பெற்றவர்களின் உரிமைக்கு எந்தச் சாசனம் காப்போ, அதே சாசனம் எழுதியவனின் நிலத்துக்கும் காப்பு. கொடுத்தவர் மனம் மாறினாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் என்று விதிக்கிறது. நட்டுவர், குடை பிடிப்போர், விளக்கிடுவோர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று பணியாளர் வரிசை நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் பங்கு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சேவிக்க வந்தவர் மகிழ்ந்தாரா, முகம் சுளித்தாரா என்பதால் அந்தப் பங்கு கூடவுமில்லை, குறையவுமில்லை.

3. நீர்பாய்ச்சி

இனி இவ்வூர் வயலுக்கு வருகிறேன். என் வாதம் முழுவதும் இந்த ஒரு சான்றின்மேல்தான் நிற்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. 1895இல் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்த வழியே தண்ணீர் கீழிறங்கியபின் இந்த வயல்களுக்கு உறுதியான பாசனம் வந்தது. அதற்கு முன்னும் சுருளியாற்று வாய்க்கால்களை நம்பி நெல் விளைத்த மண் இது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு இப்பள்ளத்தாக்கு பொங்கல் வைக்கிறது. அது நியாயம். ஆனால் ஆற்றில் வரும் தண்ணீர் தானாக ஒருவர் வயலுக்குள் நுழைந்துவிடாது. வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலுக்கும், அங்கிருந்து வாமடைக்கும், வாமடையிலிருந்து வயலுக்கும் அதைத் திருப்ப ஒரு மனிதர் வேண்டும். அவர்தான் நீர்பாய்ச்சி. வேறு பகுதிகளில் நீர்க்கட்டி என்றும் மடையாள் என்றும் சொல்வர்.

அவர் வேலையை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் குறைந்த நாளில் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். முதல்மடைக்காரர் வயல் நிறைந்ததும் அடைத்து அடுத்தவருக்குத் திறக்க வேண்டும். முறை பெரும்பாலும் இரவில் வரும். கையில் மண்வெட்டி, தோளில் துண்டு, ஒரு விளக்கு. பாம்பும் உண்டு, பகையும் உண்டு. ஒரு வாமடையை அரைமணி நேரம் கூடுதலாகத் திறந்துவைத்தால் ஒருவர் வயலில் தண்ணீர் ததும்பும், கடைமடையில் ஒருவர் பயிர் கருகும். ஊரே உறங்கும் நேரத்தில் ஓர் ஊரின் விளைச்சல் முழுவதும் ஒரே மனிதரின் நேர்மையில் நிற்கிறது.

இப்படிப்பட்டவருக்கு ஊர் எப்படிக் கூலி கொடுத்தது? அறுவடையின்போது வயலில் அரிக்கட்டு. பிறகு களத்தில் நெல் அடித்துத் தூற்றிப் பொலி சேர்த்ததும் மரக்கால் அளவில் நெல். நிலத்தின் பரப்புக்கு இவ்வளவு என்பது ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே விகிதம். பெரிய பண்ணைக்குத் தனி விகிதம் கிடையாது. பொலி அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லி அளப்பார்கள். அந்த லாபம் வீட்டுக்குப் போகும் முன்பே கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், காவல்காரர், நீர்பாய்ச்சி ஆகியோரின் பங்கு பிரிக்கப்பட்டது. இதையே களத்துச் சுதந்திரம் என்றனர். வட தமிழகத்தில் மேரை என்றனர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைத்தான் என் தோழர்கள் கண்டுகொள்ள மறுக்கிறார்கள். நீர்பாய்ச்சிக்குக் கூலி ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும் கிடைப்பதில்லை, போகத்தின் முடிவில் கிடைக்கிறது. ஒருவரிடமிருந்து கிடைப்பதில்லை, எல்லாரிடமிருந்தும் ஒரே விகிதத்தில் கிடைக்கிறது. ஆகவே இன்றிரவு இன்னாருக்குக் கூடுதலாகத் திறந்தால் தமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு அவருக்கு இல்லை. கடைமடையில் பயிர் கருகினால் அந்த வயலிலிருந்து வரவேண்டிய பங்கு போய்விடும். எல்லா வயலும் விளைய வேண்டும் என்பதில் அவர் நலமும் ஊர் நலமும் ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது அந்த இடத்தில் டிப்ஸை வைத்துப் பாருங்கள். "இன்று நல்லாப் பாய்ச்சிவிடுப்பா" என்று வரப்பில் நின்று ஒருவர் நூறு ரூபாய் கொடுக்கிறார். அடுத்த வயல்காரர் இருநூறு கொடுக்கிறார். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் கைம்பெண்ணால் கொடுக்க முடியவில்லை. தண்ணீர் எங்கே போகும்? நீர்பாய்ச்சி கெட்டவராக வேண்டிய தேவையே இல்லை. நல்லவராக இருந்தும் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவராக இருந்தால் போதும். கைக்குக் கை மாறும் பணம் தண்ணீரின் முறையை மாற்றிவிடும். அப்போது அதற்குப் பெயர் கொடை அல்ல, லஞ்சம். பணம் அதே பணம், கொடுக்கும் கை அதே கை. அளவு பொதுவில் இருந்து தனியார் கைக்குப் போனது ஒன்றே மாற்றம்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் தரும்போது பெண் என்றால் ஒரு தொகை, ஆண் என்றால் கூடுதல் தொகை என்று கேட்கப்படுவதை நாம் அறிவோம். பிணவறை வாசலிலும் கை நீள்கிறது. மகிழ்ச்சியில் கொடுப்பதாகத் தொடங்கியது, கொடுக்காவிட்டால் கவனிப்பு குறையும் என்ற அச்சமாக மாறிவிட்டது. தட்டுப்பாடும் அவசரமும் உள்ள இடத்தில் டிப்ஸ் இப்படித்தான் முடியும். இதை நம் ஊர் உழவர்கள் வாமடையில் எப்போதோ கண்டு, கூலியைக் களத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

களத்தில் பங்கு பிரிப்பது இப்பள்ளத்தாக்கின் தனி வழக்கம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1767 முதல் 1774 வரை ஆங்கிலப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கை எடுத்தார். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இக்கணக்குகளின் அருமையை எடுத்துக்காட்டினார். பின்னர் திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகள் அச்சில் வந்தன. அவற்றில் விளைச்சலைப் பங்கிடும் முன்பே ஊர்ப் பணியாளர்க்கும் ஊர்க் கோயில்களுக்கும் உரிய பங்குகள் கழிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உடையவர் மனம் கனிந்து மிச்சத்தில் எடுத்துக் கொடுத்த பங்குகள் அல்ல அவை.

4. களத்தின் கறை

பழமையைப் போற்றுவதாக என்னைக் குற்றம் சாட்டும் தோழர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். களத்தில் அளவு பொதுவாக இருந்தது, அளக்கும் கை பொதுவாக இல்லை. கூலிக்காரருக்குச் சிறிய மரக்கால் எடுத்த பண்ணைகள் இருந்தன. பங்கு பெற வந்தவர் சாதியின் பெயரால் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருந்தது, விட்டுப் போகும் உரிமை இல்லை. காசு வந்தபின்தான் பலர் அந்தக் கட்டிலிருந்து வெளியேறினர். டிப்ஸின் பக்கம் உள்ள உண்மையான நன்மை இதுதான். அது உடனே கையில் வருகிறது, முதலாளியின் பிடித்தத்துக்குத் தப்புகிறது, வாங்குபவரை எவரோடும் கட்டிப்போடுவதில்லை. ஆகவே பழைய களத்தை நான் மீட்கச் சொல்லவில்லை. அளவு முன்கூட்டி ஊரறிய வேண்டும் என்ற அதன் விதியை மட்டும் எடுத்து, விட்டுப் போகும் உரிமையோடும் சட்டத்தின் காவலோடும் சேர்க்கச் சொல்கிறேன்.

5. முடிக்காணிக்கை

இந்த விதியை அரைகுறையாகப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று நம் கோயில்களிலேயே உண்டு. 2021இல் தமிழக அரசு, அறநிலையத்துறைக் கோயில்களில் முடிக்காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்து, மொட்டையடிக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. திசை சரியானது. ஆனால் 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் மாதம் ஓட்ட முடியாது. எனவே பக்தரிடம் கை நீளும். பக்தர், "இலவசம் என்றார்களே" என்று வைவார். அளவை ஊரறிய வைத்தால் மட்டும் போதாது, வாழப் போதுமானதாகவும் வைக்க வேண்டும்.

6. ஓட்டல்

தேனி–குமுளி சாலையில் சபரிமலைப் பருவத்தில் இரவெல்லாம் ஓட்டல்கள் திறந்திருக்கும். டிப்ஸ் சப்ளையருக்குப் போகிறது. அடுப்பில் வேகும் பரோட்டா மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் அநேகமாக எதுவும் இல்லை. டிப்ஸ் வருகிறதே என்று சம்பளத்தைக் குறைத்துப் பேசும் முதலாளிகளும் உண்டு. அப்போது வாடிக்கையாளர் தருவது பணியாளருக்குப் போய்ச் சேரவில்லை, முதலாளியின் செலவைத்தான் குறைக்கிறது. டிப்ஸுக்காக, மேசையில் வரம்பு மீறிப் பேசுபவரையும் சகித்துக்கொள்ளும் நிலை பரிமாறும் பெண்களுக்கு வருகிறது. இதற்காகக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சம்பளம் சீராகாத வரை பத்து ரூபாயைப் பிடித்துவைப்பது கொள்கை ஆகாது, ஏழையின்மேல் கைவைப்பதாகும்.

7. சட்டமும் பிற நாடுகளும்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2016இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அட்டை வழியாக வரும் டிப்ஸை ஓட்டல் வாங்கிப் பணியாளருக்குப் பிரித்துத் தருவது சம்பளம் ஆகாது, அதில் சம்பள வரி பிடிக்கும் கடமை ஓட்டலுக்கு இல்லை என்றது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இவை வாடிக்கையாளரைக் காக்கின்றன. பாத்திரம் கழுவுபவரின் பங்கு பற்றி இவற்றில் விடை இல்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது. மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி 7.25 டாலருக்கு ஈடுகட்ட வேண்டும். அளவு வாடிக்கையாளர் கைக்குப் போனால் கூலி எப்படி உறைந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதும் பணியாளருக்கே நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. அது கற்கத்தக்கது.

8. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் நெருங்குவதால் தலைப்புகளாக மட்டும் சொல்கிறேன். இப்பள்ளத்தாக்கில் இன்னும் வாழும் முதிய நீர்பாய்ச்சிகளிடம் களக் கணக்குகளைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். இது மிக அவசரம். தேனி மாவட்டக் கல்வெட்டுகளில் பணியாளர் பங்கு பற்றிய குறிப்புகளைத் தனியே தொகுக்க வேண்டும். சபரிமலைப் பருவத்தில் சாலையோர ஓட்டல்களில் சம்பளமும் டிப்ஸும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று மாணவர்கள் கணக்கெடுக்கலாம். செயலி வழி உழைப்போருக்கு 2023இல் தமிழகத்தில் நல வாரியம் அமைந்திருக்கிறது. டிப்ஸ் முழுதாக அவர்களுக்குச் சேர்கிறதா என்று அது கேட்கலாம். மேகமலைக்கு வண்டி ஓட்டுபவர்கள், குச்சனூர்த் திருவிழாவில் வேலை செய்பவர்கள், மருத்துவமனை வார்டுப் பணியாளர்கள் ஒவ்வொருவரும் தனி ஆய்வுக்கு உரியவர்கள். ஓட்டல் முதலாளிகள் சங்கங்கள் சம்பள அளவையும் டிப்ஸ் பங்கீட்டையும் கல்லாவுக்கு மேலே எழுதிவைக்க முன்வந்தால், சின்னமனூரே முதல் ஊராகலாம்.

இவ்வுரை அச்சாகும்போது தோழர்கள் மறுப்பு எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். எழுதுபவர்கள் கடைமடைக் கைம்பெண்ணுக்கு இரவில் தண்ணீர் எப்படிப் போகும் என்பதற்கு விடை சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.